ஓர் தோணி

இளமையில் நான் எழுதிய தோணிப் பாட்டை டிரம்ஸ் அதிர ரீமிக்ஸ் செய்தவர்கள், என் பெயரை மட்டும் கழற்றிவிட்டார்கள். வழக்குத் தொடுத்தேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தேவசகாயம் நீதிபதியிடம் சிரித்தபடி சொன்னார்: "பாட்டுல 'ஓர் தோணி'ன்னு வருதுங்கய்யா. உயிரெழுத்துக்கு முன்னாலதான் 'ஓர்' வரும். தமிழ் வாத்தியார் இப்படி எழுதுவாரா? இது ஊர்ப்பாட்டு, யாருக்கும் சொந்தமில்ல."

முப்பத்தாறு ஆண்டுகள் இதே பிழைக்காக மாணவர்களின் மதிப்பெண்ணைக் குறைத்தவன் நான். கூண்டில் நிமிர்ந்து நின்றேன். "மெட்டு நெடில் கேட்டது, ஐயா. தெரிந்தேதான் எழுதினேன். பிழை என்னுடையது, ஆகவே பாட்டும் என்னுடையது."

தட்டச்சர் என் வாக்குமூலத்தை நீட்டினார். நல்லெண்ணத்தில் 'ஒரு தோணி' என்று திருத்தியிருந்தார். கையொப்பமிடுமுன் சிவப்புப் பேனா கேட்டேன்.