பிரைமரிக்கு என்ன ஆயில்

குடும்ப நீதிமன்றத்தின் வராந்தாவில், ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம்.

வக்கீல் டீ குடிக்கப் போயிருந்தார். இருவருக்கும் அவர் ஒருவர்தான். சண்டை இல்லாத விவாகரத்து, எதற்கு இரண்டு வக்கீல் என்று அவரே சொல்லியிருந்தார்.

அழுகை வந்தால் இருக்கட்டும் என்று அவள் இரண்டு கைக்குட்டை எடுத்து வந்திருந்தாள். ஒன்றால் பெஞ்சின் தூசியைத் துடைத்தாள். மற்றது மடிப்புக் கலையாமல் பையிலேயே கிடந்தது.

காலையிலிருந்து பசியும் இல்லை, படபடப்பும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி உடம்பு முழுக்க மரத்திருந்தது.

அவர்களுடைய கேஸ் பதினேழாவது. உள்ளே ஒன்பதாவது ஓடிக்கொண்டிருந்தது.

அவன் தொண்டையைச் செருமினான்.

“பிரைமரிக்கு என்ன ஆயில் ஊத்துவே நீ?”

அவள் திரும்பிப் பார்த்தாள். பதினான்கு மாதத்தில் அவன் நேராக அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. மற்றதெல்லாம் வக்கீல் வழியாகவோ நாத்தனார் வழியாகவோதான் வந்து சேர்ந்தது.

அவள் மெக்கானிக். இரண்டு சக்கர வண்டிகளுக்குச் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவள். அவன் சர்வேயர். அடுத்தவர் நிலத்தை அங்குலம் பிசகாமல் அளப்பான். தன் பைக்கில் எந்த மூடிக்குள் எந்த ஆயில் இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்பே அவனிடம் இருந்த பழைய வண்டி அது. எட்டு வருடம் அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

அந்த வண்டியில் என்ஜினுக்கு ஒரு ஆயில். இடது பக்க மூடிக்குள் ஓடுகிற பிரைமரி செயினுக்கு வேறு ஆயில். செயின் மட்டும் என்றால் எதையாவது ஊற்றித் தொலைக்கலாம். ஆனால் கிளட்ச் பிளேட்டும் அதே ஆயிலில்தான் ஊறிக் கிடக்கிறது. உசத்தியான கார் ஆயில் என்று வாங்கி ஊற்றினால், அதில் வழவழப்புக்கென்று எதையாவது கலந்திருப்பான். கிளட்ச் வழுக்கும், என்ஜின் கத்தும், வண்டி நகராது. ரொம்பக் கெட்டியாக ஊற்றினாலும் தொல்லை. காலையில் பிளேட்டெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நியூட்ரல் விழாது. பைக் கிளட்சுக்கு ஏற்றது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும், அதில் இளகலானதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

அளவு எப்படித் தெரியும் என்று கேட்டான்.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, லெவல் ஸ்க்ரூவைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஆயில் எட்டிப் பார்க்கும்வரை ஊற்ற வேண்டும் என்றாள். மூடியின் நடு நட்டைப் பலம் இருக்கிறது என்று முறுக்கித் தள்ளினால் ரப்பர் வளையம் நசுங்கி ஒழுக ஆரம்பிக்கும் என்றாள். பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

எப்போதோ அவன் பெஞ்சின் நடுவுக்கு நகர்ந்து வந்திருந்தான். அவளும்தான்.

“இன்னமும் கிளட்ச்சப் பாதி பிடிச்சுக்கிட்டேதான் ஓட்டுறீங்களா?”

அவன் தன் இடது கையைப் பார்த்தான்.

“ஆமா. அந்தப் பழக்கம் மட்டும் போகல.”

அப்படியென்றால் ஆயிலைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும், பிளேட் தேய்கிற பொடியெல்லாம் அதில்தான் சேரும் என்றாள். சரி என்றான்.

திரும்பி வந்த வக்கீல் இருவரும் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். எதையோ மறந்துவிட்டவர் போலப் பையைத் தடவிக்கொண்டு மறுபடி வெளியே போனார். அவர் நினைத்தது வேறு. முக்கால் மணி நேரப் பேச்சு, ஆயிலை விட்டு ஒரு அடிகூட வெளியே போகவில்லை.

பதினேழைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. சேர்ந்து வாழ வாய்ப்பு இருக்கிறதா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்று அவன் சொன்னான். இல்லை என்று அவளும் சொன்னாள். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்கள். அவள் கையெழுத்து கோணாமல், என்றைக்கும் போலவே விழுந்தது.

வாசலில் அவன், வரேன் என்று சொல்ல வாயெடுத்தான். அது இனிமேல் செல்லாது என்று பட்டதோ என்னவோ, பாதியிலேயே விழுங்கிக்கொண்டான்.

“பாத்துப் போ” என்றான்.

வண்டிகள் நிற்கிற பக்கம் திரும்பாமல், நேராக பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான்.

அவள் ஆச்சரியப்படவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்பு ஒருநாள், தெருமுனையில் அந்த வண்டியின் சத்தம் கேட்டதும் அவள் வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். கையைத் துடைத்தாள். முடியை ஒதுக்கிக்கொண்டு ஒர்க்‌ஷாப் வாசலுக்கு வந்தாள்.

ஓட்டி வந்தவர் யாரோ ஒரு பள்ளிக்கூட வாத்தியார். வண்டியை வாங்கி ஒரு மாதம் ஆகிறது, ஆயிலெல்லாம் மாற்ற வேண்டும் என்றார்.

யாரிடம் வாங்கினீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

“வித்தவரு சொல்லித்தான் அனுப்பினாரும்மா. உங்களத் தவிர வேற யாரும் இதுல கை வைக்கக் கூடாதுன்னாரு.”