பொறுப்பாளர் பெயர்

“பாருடி இந்த அநியாயத்தை! என் பேரைத் தூக்கிட்டுத் தன் பேரைப் போட்டுக்கிட்டாரு!”

பக்கத்து சீட்டுத் தோழி நாற்காலியோடு உருண்டு வந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

உண்மைதான். மென்பொருள் ஃபைலில் ‘பொறுப்பாளர்’ என்ற வரியில் நேற்றுவரை இவள் பெயர். இன்று டீம் லீடர் பெயர். அவருக்கு ஆபீஸ் வைத்த பெயர் சிடுமூஞ்சி. அது மட்டும் எந்த ஃபைலிலும் ஏறியதில்லை.

இவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. பொட்டலம். லிஃப்டுக்குள் உட்காரும் சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு வேண்டிய மென்பொருளையெல்லாம் பேக்கேஜாகக் கட்டித் தருவது இவள் வேலை.

இந்தத் தடவை வந்தது, வெளி கம்பெனியிடம் விலைக்கு வாங்கிய கம்பைலர் என்ற மென்பொருள். வாடகைக்கு வீடு விடுகிறவர் மாதிரி அதற்கு ஆயிரம் நிபந்தனை. உள்ளே என்ன இருக்கிறதென்று காட்டாது. சொன்ன இடத்தில் உட்காராது. போதாக்குறைக்கு நாற்பது பக்க ஒப்பந்தத்தை நீட்டி, ‘சம்மதமா?’ என்று கேட்டுவிட்டு, ஆள் வந்து பட்டனைத் தட்டும்வரை நகராது.

லிஃப்டில் ஏற்றும் மொத்த மென்பொருள் தொகுப்பான இமேஜ், ராத்திரியில் தானாகத் தயாராகும்போது பட்டன் தட்ட ஆளுக்கு எங்கே போவது? மூன்று வாரம் மல்லுக்கட்டி, அதுவே தனக்குத்தானே சம்மதம் சொல்லிக்கொள்ளும்படி செய்துவிட்டாள்.

“ஒப்பந்தத்தை முழுசாப் படிச்சியாம்மா?” என்று அப்போதே சிடுமூஞ்சி கேட்டார்.

“அதையெல்லாம் யார் சார் படிப்பாங்க?”

மனிதர் உர்ரென்று வாங்கிக்கொண்டுபோய் நாற்பது பக்கத்தையும் தானே படித்தார்.

“உழைச்சது நீ, பேரு அவருக்கா?” தோழி எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தாள். “காலைல அந்த ஆமை ஓட்டைப் பார்த்துட்டு எப்படி எரிஞ்சு விழுந்தாரு, பார்த்தேல்ல?”

ஆமை ஓடு மேஜைக்கடியில் இருந்தது. அட்டையில் வெட்டிப் பச்சை பூசியது. நாளை சனிக்கிழமை பத்து மணிக்குப் பள்ளி நாடகத்தில் மகள்தான் ஆமை. போன வருடம் மகள் மரமாக நின்றபோது, இவள் வராந்தாவில் போனும் கையுமாக நின்று ஏதோ ஒரு லிஃப்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். “இந்த வாட்டி நீ பார்க்கலைன்னா, ஓட்டுக்குள்ளேயே இருந்துடுவேன்” என்று வீட்டில் மிரட்டல் வந்திருந்தது.

நாளைய நாடகத்துக்கு என்று இவள் சொன்னதும், “இது ஆபீஸா, மிருகக்காட்சி சாலையா?” என்பதுதான் காலையில் சிடுமூஞ்சி உதிர்த்த முத்து.

‘பொறுப்பாளர்’ வரியில் இருந்த அவர் பெயரை அழித்தாள். தன் பெயரைப் போட்டாள். விறுவிறுவென்று அவர் அறைக்குப் போனாள்.

“சார், பொறுப்பாளர் பேரை மாத்திட்டேன்.”

“ஏம்மா?”

“மூணு வாரம் மாடா உழைச்சது நான் சார்.”

“யாரு இல்லேன்னாங்க? நான் மாத்தினப்பவே கீழ ஒரு குறிப்பு எழுதியிருந்தேனே, படிச்சியா?”

“குறிப்பையெல்லாம் யார் சார்...” பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“நீயும் உன் கம்பைலரும் ஒரே ரகம்மா. படிக்கிறதுக்கு முன்னாடியே பட்டன்!”

அவர் தன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சீட்டுக்கு வந்தாள். எப்படியோ, ஜெயித்தாயிற்று. தோழி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அப்போது போன் அடித்தது. சர்வீஸ் பிரிவுப் பெண்.

“அக்கா, நாளைக்குக் காலைல ஒன்பது மணியிலேர்ந்து அறுபது லிஃப்ட்ல புது இமேஜ் ஏத்தறோம். பொறுப்பாளர்னு இப்போ உங்க பேர் வந்திருக்கு. எது நின்னாலும் உங்களைத்தான் கூப்பிடுவோம். போனைக் கையிலேயே வெச்சுக்குங்க.”

“எத்தனை மணி வரைக்கும்?”

“சாயங்காலம் ஆயிடும் அக்கா.”

போனை வைத்தபோது காலில் ஆமை ஓடு இடித்தது.

சிடுமூஞ்சி காலையில் செய்த மாற்றத்தைத் தேடித் திறந்தாள். அவர் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் அந்தக் குறிப்பு. இந்தத் தடவை ஒரு வார்த்தை விடாமல் படித்தாள். படிக்கப் படிக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

‘உழைப்பு முழுவதும் முந்தைய பொறுப்பாளருடையது. நாளை ஒரு நாள் மட்டும் அழைப்புகள் எனக்கு வரட்டும். திங்கட்கிழமை காலையில் இவர் பெயரைத் திருப்பிப் போட்டுவிடவும். ஆமை மேடையேறும்போது அம்மாவின் இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டும், தட்டுவதற்கு.’