சின்னத் தவறு

‘மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். ஆனால் அதனால் ஒரு பெண் உயிர் பிழைப்பாள்.’ கடை மேசையில் உட்கார்ந்து நாட்குறிப்பில் இப்படி எழுதி முடித்ததும் வெண்டலுக்குச் சந்தேகம் வந்தது. ‘சின்ன’ என்பதை அடித்தான். யோசித்து, மறுபடியும் எழுதினான்.

மதியம் வந்தவள் பெயர் லோர்னா. அமெரிக்காவின் துல்சா ஊரில் இருந்த அந்தத் துப்பாக்கிக் கடையில் வெண்டல் வேலைக்குச் சேர்ந்த ஆறு மாதத்தில் இப்படி நடுங்கிய ஆளை அவன் பார்த்ததில்லை. முகத்தில் காயமில்லை, வலது கை விரல் முட்டிகளில்தான் தோல் உரிந்திருந்தது.

“புருஷனா மேடம்?”

“அவனேதான் கண்ணு. கைப்பைக்குள்ள அடங்கணும். எடுக்கும்போது எதுலயும் மாட்டக் கூடாது.”

ஐந்து குண்டு போடும் குட்டை ரிவால்வரை எடுத்து வைத்தான். “இதுல குண்டை அடிக்கிற சுத்தி உள்ளயே இருக்கு, துணியில சிக்காது. விசை கொஞ்சம் இறுக்கம். ஏழடிக்குள்ள குறி தப்பாது.”

“ஏழடி போதும்” என்றாள்.

படிவத்தை நிரப்பி, வாங்குபவர் மேல் வழக்கு ஏதும் உண்டா என்று பார்க்கும் அரசாங்கச் சோதனைக்கு அனுப்பினான். திரையில் ‘தாமதம்’ என்று வந்தது. மூன்று நாள் காத்திருக்க வேண்டும்.

“மூணு நாளா? அதுக்குள்ள என்னைப் பொதைச்சிடுவாங்க!”

முதலாளி டுவைட் சாப்பிடப் போயிருந்தார். வெண்டல் அவளை வெளியே கூட்டிப்போய், தன் வண்டியில் இருந்த சொந்த ரிவால்வரை விற்றான். தனி ஆள் தனி ஆளுக்கு விற்றால் சோதனை கிடையாது. ஆனால் கடை வாடிக்கையாளரிடம் அப்படி விற்றது டுவைட்டுக்குத் தெரிந்தால் அன்றே சீட்டு கிழிந்துவிடும்.

நோட்டை மூடும்போது கடைப் போன் அடித்தது. டுவைட் பக்கத்திலேயே நின்று பல் குத்திக்கொண்டிருந்தார்.

“சார், என் பேரு கிளின்ட். என் பொண்டாட்டி லோர்னா அங்க துப்பாக்கி கேட்டு வந்தாளா? ஊர்ல இருக்கிற கடைக்கெல்லாம் போன் போட்டுட்டிருக்கேன். என் விலா எலும்பை ஒடிச்சவ சார். என் கிட்டயே வரக் கூடாது, துப்பாக்கி தொடக் கூடாதுன்னு போன வாரம்தான் கோர்ட்ல அவளுக்கு உத்தரவு போட்டாங்க.”

“யாருடா அது?” என்றார் டுவைட்.

வெண்டல் நோட்டின் மேல் கையை வைத்து மறைத்தான்.

“வரலீங்க” என்றான் போனில்.

“அப்பாடா! துணிமணியாவது எடுத்துக்கறேன்னு அழுதா சார். நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு அவளுக்குக் கதவைத் திறந்து விடணும்.”