முன் இருக்கை

திருக்கோகர்ணத்துக் கடையின் கண்ணாடிச் சுவர் வழியாக மாலை வெயில் நுழைந்து, வரிசையாக நிற்கும் ஸ்கூட்டர்களின் மேல் வழிகிறது. ஓரத்திலிருக்கும் மொபட்டின் பின்னால் அமுதவல்லி ஒருக்களித்து உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொள்கிறாள். "அக்கா, ஓட்டப்போறது நீங்கதானே? முன்னாடி ஒக்காருங்க" என்று கடைப்பெண் சிரிக்கிறாள். அமுதவல்லி நாக்கைக் கடித்துக்கொண்டு இறங்குகிறாள். பக்கவாதம் வந்ததிலிருந்து அவள் கணவர் சோலையப்பன் வண்டியைத் தொடவில்லை. "மொபட்டே எடு. புல்லுக்கட்டு வைக்கத் தோதா இருக்கும்" என்கிறார், நாற்காலியில் இருந்தபடி. அவள் அவரைத் தாங்கி எழுப்பி, மொபட்டின் பின்னால் உட்காரவைத்து, இடது கையை எடுத்துக் கம்பியில் வைக்கிறாள். விரல்கள் மூடாமல் நழுவுகின்றன. பிறகு ஸ்கூட்டரில் உட்காரவைக்கிறாள். அதன் பக்கவாட்டுக் கம்பி மெல்லியது. ஒவ்வொரு விரலாக மடித்து அதைப் பிடிக்கவைக்கிறாள். பிடி நிற்கிறது.

"இதாங்க நம்ம வண்டி."

"புல்லுக்கட்டு?"

"தலைச்சொமையா கொண்டாந்துக்கறேன்."

அவள் முன்னால் ஏறிக் கைப்பிடியைப் பற்றுகிறாள். "கண்ணாடிய ரோடு தெரியிற மாதிரி திருப்பிக்கங்கக்கா" என்கிறாள் கடைப்பெண். கண்ணாடி முழுக்க சோலையப்பனின் முகம், வெயிலில் கண்ணைச் சுருக்கியபடி. இத்தனை வருடமும் வண்டியில் அவள் பார்த்தது அவருடைய முதுகைத்தான்.

"செத்த நேரம் இருக்கட்டும்மா."