காலப் பிழை

வியட்நாமில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் பைசான், வகுப்பு முடிந்த கையோடு சீத்தா கேம்ப் குடியிருப்பில் இருக்கும் தன் வீட்டுக்குப் போன் போடுவான். தங்கை ஷைஸ்தாவுக்கும் தினம் ஒரு பாடம்.

"ஆறு கிளாஸ் எடுத்து தொண்ட கட்டிப்போச்சு. இன்னிக்கும் முட்டையும் சோறுந்தான். சரி, வாப்பாவப் பத்தி இங்கிலீஷ்ல சொல்லு."

"உம்மாவப் பத்திச் சொல்லுதேன்ண்ணே."

"அது நேத்தே சொல்லிட்ட."

ஷைஸ்தா தயங்கினாள். "மை ஃபாதர் வாஸ் எ டெய்லர்."

"அரே, வாஸ் இல்ல, இஸ்! அடுத்தது?"

"ஹி லைக்டு டீ."

"மறுபடியும் பாரு! லைக்ஸ்னு சொல்லணும். எட்டு வயசுப் பிள்ளைக கூட இந்தத் தப்பு பண்ணாது. எங்க, மெஷின் சத்தத்தையே காணோம்? வாப்பாட்ட குடு."

"தொழப் போயிருக்காவ."

"எப்பக் கேட்டாலும் இதத்தான் சொல்லுத. சரி, மை ஃபாதர் இஸ் எ டெய்லர்னு பத்து தடவ எழுதி போட்டோ அனுப்பு."

போனை வைத்துவிட்டான்.

மூடிக் கிடந்த தையல் மெஷின்மேல் நோட்டை விரித்து ஷைஸ்தா எழுத ஆரம்பித்தாள். ஏழாம் நாள் ஃபாத்திஹாவுக்கு அரிசி களைந்துகொண்டிருந்த உம்மா நிமிர்ந்தாள்.

"அவன்ட்ட ஒண்ணும் சொல்லிரலயே? தெரிஞ்சா வேலையப் போட்டது போட்டபடி ஓடியாந்துருவான்."

"சொல்லல."

"பின்ன என்னட்டி எழுதுத?"

"வாப்பா உசுரோட இருக்காவன்னு, உம்மா. பத்து தடவ."