உப்புக் கரித்த மேஜை

மேஜை சொன்ன கதையை முக்காலி பல வருடங்களாகச் சந்தேகித்து வந்தது. விக்டோரியா ராணி காலத்தில், லண்டனில் ஒரு சீமாட்டியின் வரவேற்பறையில் நின்றதாகவும், பிறகு கப்பலேறி வந்ததாகவும் மேஜை சொல்லும்.

"ராணியே வந்தாங்களாக்கும்?" என்று முக்காலி சீண்டும்.

"ஒரே ஒரு தடவை. கையுறையைக் கழற்றி என்மேலதான் வச்சாங்க."

முக்காலிக்கு நினைவிருந்ததெல்லாம் கருவாட்டுக் கடைதான். அங்கே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் பதினைந்து வருடம் நின்றிருந்தன. ஆனாலும் மேஜை அத்தனை உறுதியாகப் பேசும்போது, தன் நினைவுதான் தவறோ என்று அது குழம்பிப்போகும்.

இப்போது இரண்டும் இருந்தது ஒரு பழைய சாமான் கடையில். விற்காததையெல்லாம் வெள்ளிக்கிழமை விறகாக்கிவிடப் போவதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை, பழைய மேஜைகளைச் சேகரிக்கும் தேவசகாயம் வந்தார். மேஜையைக் கவிழ்த்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், முகர்ந்தார். திருப்தி வராமல், கடைசியில் குனிந்து அதன் காலை நக்கினார்.

"உப்புக் கரிக்குதய்யா!" என்று கூவினார். "மாசக்கணக்கா கடல் காத்து குடிச்ச மரம். அசல் விக்டோரியா காலத்துச் சரக்கு!"

"கேட்டுக்கிட்டியா?" என்றது மேஜை. "கருவாடாம், கருவாடு!"

நாலு பேர் அதைப் பட்டுப்போர்வையில் சுற்றி வண்டியில் ஏற்றினார்கள். வண்டி கிளம்புவதற்குள் முக்காலி அவசரமாகக் கேட்டது:

"அண்ணே, என் காலும் உப்புக் கரிக்குமே. நான் எந்தக் கப்பல்ல வந்தேன்?"