இடக்கை இழை

“இந்தக் கடகத்தை இழைச்சவள் ஆர்?”

வலையோடு வாசலிறங்கிய புருசன் யாகப்பு நின்றான். இடக்கையால் தலையைச் சொறிந்தான்.

“சந்தையிலை வாங்கினனான். கடகம் எண்டால் கடகம்தானே, மேரிறோஸ்?”

வேலணையில் நல்ல பனையோலைக் கடகம் வேண்டுமென்றால் மேரிறோசிடம்தான் வருவார்கள். அவள் வீட்டுக்குள்ளேயே வேறொருத்தியின் கடகமா? அதுவும் விளிம்பெல்லாம் கோணல். இழையோ மறுபக்கம் சாய்ந்திருந்தது. இடக்கைக்காரி இழைத்தால்தான் அப்படிச் சாயும்.

“யப்பான்காரன்ரை குண்டுக்கே பயமில்லாமல் கடலுக்குப் போறியள். எனக்கு மறுமொழி சொல்ல என்ன பயம்? ஒரு மாசமாய் என்ரை முகத்தையும் நிமிந்து பாக்கிறியளில்லை.”

அவன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

வேலிக்கு அப்பால் திரேசம்மா காத்துக்கொண்டுதான் இருந்தாள்.

“கடலுக்கோ போறார்? நேத்தும் ஞானசவுந்தரி வீட்டிலையெல்லோ கண்டனான்.”

ஞானசவுந்தரி புருசனை இழந்தவள், வயதில் இளையவள், பெட்டி கடகம் இழைத்துச் சீவிப்பவள். இடக்கைக்காரி யாரென்று இனி ஊரெல்லாம் கேட்கத் தேவையில்லை.

“வைக்கிறன் அவளுக்கு” என்று மேரிறோஸ் கடகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வழிநெடுக ஏச்சுகளைத் தேடித் தேடிச் சேர்த்தாள்.

ஞானசவுந்தரியின் படலை திறந்தே கிடந்தது. வேம்பின் கீழே இருவரும் எதிரெதிரே இருந்தார்கள். அவன் கொண்டுபோன வலை நனையாமல் ஒரு மூலையில் கிடந்தது.

ஞானசவுந்தரி ஓலையை வலக்கையால் மடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“விளிம்பிலை கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்கோ, அண்ணை.”

யாகப்புவின் மடியில் பாதி இழைத்த கடகம். இடக்கை விரல்கள் ஓலையைத் தடவித் தடவி மடித்தன. அந்த ஊரில் ஆம்பிளைகள் ஓலை இழைப்பதில்லை. இந்த இடக்கையை மேரிறோஸ் நினைக்கவே இல்லை.

கடகம் கைநழுவி விழுந்தது.

சத்தம் கேட்டு யாகப்பு திரும்பினான். நல்ல வெயிலில், பத்தடி தூரத்தில் நின்றவளின் முகத்தை நேரே, கண்ணை இடுக்கிப் பார்த்தான்.

“ஆரது, திரேசம்மாக்காவே? மேரிறோசுக்கு மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ.”